தையல் போடணுமா? முதல்ல பழைய பேப்பரை வரவழைங்க

தங்கச்சி, முதல் பிள்ளை 20 வாரத்துல கலைஞ்சது, இப்போ 9 வாரம். திருநெல்வேலி டாக்டர் கர்ப்பப்பை வாயில தையல் போடணும்ங்கிறார், இங்க மும்பை தாராவியில பார்த்தவர் ஸ்கேன் பண்ணிப் பார்ப்போம்ங்கிறார், யார் பேச்சைக் கேக்குறதுன்னு கேட்டிருக்கீங்க. ரெண்டுமே மருத்துவத்துல உள்ள வழிதான். எது உங்களுக்குன்னு முடிவு பண்றது அந்த 20வது வாரம் எப்படி நடந்ததுங்கிறதுதான்.

வலியே இல்லாம வாய் தானா திறந்திருந்தா, வாய் பலவீனம்னு சந்தேகப்படணும். அப்போ 12–14 வாரத்துல, என்.டி. ஸ்கேன்ல (பிள்ளையோட கழுத்துப் பின்பக்கம் உள்ள நீரை அளக்குற ஸ்கேன்) பிள்ளை நல்லா இருக்குன்னு பார்த்தபிறகு, தையல் போடுறதுண்டு. காய்ச்சல், ரத்தப்போக்கு, இடுப்புவலி முதல்ல வந்திருந்தாலோ, பிள்ளை உள்ளேயே இறந்திருந்தாலோ கதை வேற; அதைத் தையல் தடுக்காது. அதனால ஊர்ல இருந்து டிஸ்சார்ஜ் சம்மரியை (வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில எழுதித் தர்ற பேப்பர்) இன்னைக்கே வாட்ஸ்அப்புல அனுப்பச் சொல்லுங்க. பனிக்குடம் முதல்ல உடைஞ்சதா, வலியா, வாய் எவ்வளவு திறந்திருந்ததுன்னு அதுல தேடுங்க.

ஒரே தடவை நடந்து காரணமும் தெளிவா இல்லைன்னா ஸ்கேன் வழி நல்லது. இங்க சோனோகிராஃபின்னு சொல்வாங்க, ஆதார் கேப்பாங்க. 16ல இருந்து 24 வாரம் வரை ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, பிறப்புறுப்பு வழியா, சிறுநீர் கழிச்சிட்டுதான் எடுக்கணும். வயிறு மேல வச்சு, மூத்திரப்பை நிறைஞ்சிருக்கும்போது எடுத்தா வாய் நீளமாத் தெரிஞ்சு ஏமாத்திடும். ரிப்போர்ட்ல நீளம் மில்லிமீட்டர்ல இருக்கான்னு பாருங்க. 25க்குக் கீழே போனா தையல் பத்திப் பேசணும். 25–29ன்னா வாராவாரம் பார்க்கணும். புரோஜெஸ்டிரோன்னு கர்ப்பத்தைத் தாங்குற ஹார்மோன் மாத்திரையைப் பிறப்புறுப்புக்குள்ள வைக்கவும் சொல்லலாம், அதையும் கேளுங்க. படுத்தே கிடந்தா வாய் திறக்காதுன்னு சொல்றதை நம்பாதீங்க.

இந்தத் தையலை 1955ல எழுதி வெளியிட்ட டாக்டர் ஷிரோட்கர் இந்த மும்பையில வேலை பார்த்தவர்தான். இங்க ஆஸ்பத்திரியில இந்தியில 'டாங்கா'ன்னு சொன்னா தையல்.

வலி, ரத்தம், காய்ச்சல், நாத்தமுள்ள வெள்ளைப்படுதல், பனிக்குடம் உடையுறது, இதுல எது இருந்தாலும் தையல் போட மாட்டாங்க. போட்டபிறகு இதெல்லாம் வந்தா ராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பிரசவ வலி எடுத்தும் தையலை எடுக்காம விட்டா வாய் கிழியலாம்.

இன்னொண்ணு, நம்ம வீடுகள்ல ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குக் கிளம்புவோம். ஒரு நாளுக்கு மேல ரயில். கிளம்பலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. தையலை 36–37 வாரத்துல எடுக்கணும். போனா, என்ன வகைத் தையல், எந்தத் தேதி, முடிச்சு எந்தப் பக்கம்னு எழுதி வாங்கிட்டுப் போங்க. எடுக்கப்போற ஊர் டாக்டருக்கு அது தெரியணும்.