வாசகர் கேள்வி பதில்: கஞ்சா சட்டத்தை மாற்றச் சொல்லி ஓட்டுக் கேட்கலாமா?

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கணும் என்கிற ஒரே கோரிக்கையோடு வெளிநாட்டில் கட்சி நடத்தித் தேர்தலில் நிற்கிறார்களாமே, யாராவது ஜெயித்திருக்கிறார்களா?
- வாசகர், சூரமங்கலம்

நிற்கிறார்கள். நியூசிலாந்தில் இதற்கென்றே உள்ள ஒரு கட்சி 1996 முதல் பொதுத்தேர்தலில் போட்டியிட்டு வருகிறது. முதல் தேர்தலில் 1.66 சதவீத ஓட்டு வாங்கியது. 5 சதவீதம் அல்லது ஒரு தொகுதி கிடைத்தால்தான் அங்கே நாடாளுமன்றத்துக்குள் நுழைய முடியும். அந்தக் கோட்டை அது தாண்டவே இல்லை. ஆனால் கோரிக்கை தாண்டியது. 2017 ஆட்சி ஒப்பந்தத்தில் பசுமைக் கட்சி அதைச் சேர்க்க வைத்தது, 2020-ல் நாடு முழுக்கப் பொதுவாக்கெடுப்பே நடந்தது. எதிர்ப்பு 50.7 சதவீதம், ஆதரவு 48.4. மயிரிழையில் தோற்றது.

கனடாவில் மரிஹுவானா கட்சி 2000-ஆம் ஆண்டு 73 பேரை நிறுத்தி ஓரிடம்கூடப் பெறவில்லை. அங்கே சட்டத்தை மாற்றியது லிபரல் அரசு, 2018 அக்டோபர் 17-ல். ஆனால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மேலவையில் 2022-ல் இப்படியொரு கட்சிக்கு 2 இடம் கிடைத்தது. அங்கே ஓட்டு விகிதப்படி இடம் பிரிப்பதுதான் காரணம். நம் ஊரில் முதலில் வருகிறவருக்கே தொகுதி. அதனால் இங்கே ஒரு சின்னக் கட்சி வைக்கக்கூடிய நியாயமான இலக்கு, பெரிய கட்சியின் தேர்தல் அறிக்கையில் தன் கோரிக்கை ஒரு வரியாவது ஏறுவதுதான்.

அதற்கு ஏன் மக்களவைத் தேர்தல்? சட்டமன்றத்திலேயே கேட்கலாமே?
- வாசகி, சேலம் கோட்டை

மதுவிலக்கு மாநிலத்தின் கையில் இருக்கிறது. ராஜாஜி 1937 அக்டோபர் 1-ல் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் அதைக் கொண்டுவந்தார். கஞ்சா அப்படியில்லை. அதைக் கட்டுப்படுத்துவது 1985-ஆம் ஆண்டு மத்திய போதைப்பொருள் சட்டம். 1 கிலோவுக்குக் குறைந்தால் ‘சிறிய அளவு’, 20 கிலோவைத் தாண்டினால் ‘வணிக அளவு’ என்கிற கணக்கெல்லாம் டெல்லியில் போட்டது. மாற்றவும் டெல்லிதான் மாற்ற வேண்டும்.

எனக்கு ஏற்காட்டில் ஓட்டு. அப்படியொரு சிறு கட்சி சார்பில் சேலம் மக்களவைத் தொகுதியில் நிற்க நினைக்கிறேன். என்னென்ன தேவை? மனு எதனால் தள்ளுபடியாகிறது?
- வாசகர், ஏற்காடு

ஏற்காடு சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் மக்களவைக்குக் கள்ளக்குறிச்சித் தொகுதியில் வருகிறது. ஆத்தூரும் கெங்கவல்லியும் அப்படியே. சங்ககிரி நாமக்கல்லோடும் மேட்டூர் தருமபுரியோடும் போய்விடும். சேலம் தொகுதி என்றால் ஓமலூர், எடப்பாடி, சேலம் மேற்கு, வடக்கு, தெற்கு, வீரபாண்டி ஆகிய ஆறு மட்டும்தான்.

நீங்கள் சேலத்தில் நிற்கத் தடையில்லை. உங்கள் பெயர் உள்ள வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகலை மனுவோடு வைத்தால் போதும். சிக்கல் முன்மொழிபவர்களிடம் வருகிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு ஒருவர் போதும். பதிவு மட்டும் பெற்ற கட்சிக்கும் சுயேச்சைக்கும் 10 பேர் வேண்டும், பத்துப் பேரும் அந்த ஆறு பகுதிக்குள் ஓட்டு உள்ளவர்களாக இருக்க வேண்டும். மலையிலிருந்து பத்து நண்பர்களைக் கூட்டிவந்து கையெழுத்து வாங்கினால் பரிசீலனை நாளில் மனு போய்விடும். ஒவ்வொருவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் நடப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பழைய பட்டியலை நம்பாதீர்கள். ஒருவர் நான்கு மனு வரை தாக்கல் செய்யலாம். வேறு வேறு பத்துப் பேரைக் கொண்டு இரண்டாவது மனுவும் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

டெபாசிட் 25,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 12,500. ரொக்கமாகவோ கருவூலச் சலானாகவோ கட்டலாம், காசோலை செல்லாது. மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை. தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனு போடுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே திறந்திருக்க வேண்டும். நீங்கள்தான் தன் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கும் ‘ஏ’, ‘பி’ படிவங்கள் கடைசி நாள் 3 மணிக்குள் வந்து சேர வேண்டும், அவற்றில் மையில் போட்ட கையெழுத்தே செல்லும். ஸ்கேன் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அச்சிட்டு நீட்டினால், கட்சி வேட்பாளர் என்ற தகுதி உங்களுக்குக் கிடைக்காது.

படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம், கவனமாக நிரப்ப வேண்டியது. ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. சொத்து இல்லையென்றால் ‘இல்லை’ என்றும், சம்பந்தமில்லாத கேள்விக்குப் ‘பொருந்தாது’ என்றும் எழுத வேண்டும். கோடு கிழித்து விடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி விட்டால் அலுவலர் நோட்டீஸ் தருவார், பரிசீலனைக்குள் சரிசெய்யாவிட்டால் தள்ளுபடி. மனு கொடுத்த பிறகு உறுதிமொழி எடுப்பதையும் பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

கட்சியே இனிமேல்தான் தொடங்கப் போகிறீர்கள் என்றால் இந்தத் தேர்தலுக்குள் பதிவு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தொடங்கிய 30 நாளுக்குள் தேர்தல் ஆணையத்துக்கு விண்ணப்பம், 10,000 ரூபாய் கட்டணம், வாக்காளர்களாக உள்ள 100 உறுப்பினர்களின் பிரமாணப் பத்திரம், பத்திரிகையில் பெயர் அறிவிப்பு, ஆட்சேபத்துக்கு 30 நாள் என்று அது நீளும்.

என் அண்ணன் மகன் கொஞ்சம் கஞ்சா வைத்திருந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் மட்டும் கட்டினான், மூன்று வருஷம் ஆகிறது. இந்தச் சட்டத்தை எதிர்த்து அவன் தேர்தலில் நிற்க முடியுமா?
- வாசகி, அம்மாபேட்டை

முடியாது, அம்மா. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(1) பிரிவில் போதைப்பொருள் சட்டமும் இருக்கிறது. அபராதம் மட்டும் விதித்திருந்தாலும் தீர்ப்பு நாளிலிருந்து 6 ஆண்டு நிற்க முடியாது. சிறைத் தண்டனை என்றால் அந்தக் காலம் முழுக்கவும், விடுதலைக்குப் பின் இன்னும் 6 ஆண்டும். பல குற்றங்களுக்கு 2 ஆண்டு தண்டனை பெற்றால்தான் தகுதியிழப்பு. இதற்கோ ஆயிரம் ரூபாய் அபராதமே போதும். சட்டத்தால் அடிபட்டவர் அதை மாற்றக் கேட்டு நிற்கவே முடியாது என்பது பெரிய அநியாயம். கஞ்சாவைத் திறந்துவிடுவதை ஏற்காதவர்கள்கூட இந்த ஒரு பிரிவைத் திருத்தச் சொல்லிக் குரல் கொடுக்கலாம்.

உங்கள் பிள்ளைக்கு ஓட்டுரிமை போகவில்லை. இன்னொருவரை முன்மொழியலாம், பிரசாரமும் செய்யலாம்.

இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் ஒன்று. “ஒப்புக்கொண்டால் இன்றைக்கே முடிந்துவிடும்” என்று கோர்ட் வாசலில் யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அது அபராதச் சீட்டு மாதிரித் தெரியும், பதிவாவது தண்டனை. பழக்கத்துக்கு அடிமையானவர் சிறிய அளவு வழக்கில் தாமாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்களிக்க 64ஏ பிரிவு இடம் தருகிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே கேட்கலாம்.

இந்தக் கோரிக்கையோடு நோட்டீஸ் கொடுத்தால் போலீஸ் பிடிக்குமா?
- வாசகர், ஓமலூர்

“சட்டத்தை மாற்று” என்பது கோரிக்கை. பேச்சுரிமை அதைக் காக்கும். “வீட்டுக்கு ஒரு செடி வளர்ப்போம்” என்பது குற்றம் செய்யத் தூண்டுவது, ஏனென்றால் அனுமதியில்லாமல் செடியை வளர்ப்பதே 10 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நோட்டீஸின் ஒவ்வொரு வரியையும் இந்த இரண்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். மேடையில் காட்ட இலை, விதை, காய்ந்த செடி எதையும் கொண்டுபோகவே வேண்டாம்.

நோட்டீஸில் அச்சகத்தின் பெயர் முகவரியும் வெளியிடுபவர் பெயர் முகவரியும் இருந்தாக வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்திட்டு, தெரிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழி இரண்டு பிரதி அச்சகத்துக்குத் தர வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இலைப் படத்தையும் தவிர்க்கச் சொல்வோம். எடப்பாடி அடங்கிய தொகுதி இது. எந்த இலையைப் போட்டாலும் ஜனங்கள் இரட்டை இலை என்றுதான் படிப்பார்கள். ஆணையம் ஒதுக்கும் சின்னத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

சணல் பயிரிட அனுமதி கேட்பதும் இதுவும் ஒன்றா? நெசவுக்கு அந்த நார் உதவும் என்கிறார்களே?
- நெசவாளர், இளம்பிள்ளை

பெயரில்தான் குழப்பம். சாக்குப் பைக்கான சணல் வேறு செடி. பசுந்தாள் உரத்துக்கு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழும் சணப்பையும் வேறு. இரண்டுக்கும் அனுமதி தேவையில்லை. நீங்கள் கேட்பது கஞ்சாச் செடி இனத்திலேயே போதைச் சத்து மிகக் குறைந்த ரகம். உத்தரகாண்டில் 0.3 சதவீத வரம்போடு உரிமம் தருகிறார்கள். தேர்தல் அறிக்கையில் ‘சணல்’ என்று மட்டும் எழுதினால் விவசாயிக்குப் புரியாது, ‘நார்க் கஞ்சா’ என்று நேராகவே எழுதலாம்.

டெபாசிட் போனால் அத்தோடு முடிந்ததா?
- வாசகர், வீரபாண்டி

செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் பணம் திரும்பும். 12 லட்சம் பதிவானால் 2 லட்சத்தைத் தாண்ட வேண்டும். நோட்டா இந்தக் கணக்கில் சேராது.

பணம் போனாலும் கணக்கு பாக்கியிருக்கும். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்காவிட்டால் 3 ஆண்டு தகுதியிழப்பு வரலாம். செலவுப் பதிவேட்டில் வெள்ளைத் தாள் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. ஆட்டோவுக்கும் மைக்செட்டுக்கும் கொடுத்ததை அன்றன்று இரவே எழுதி, ரசீதில் எண் போட்டுக் கோத்து வையுங்கள். செலவே செய்யாதவரும் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.