மிச்சக் கணக்கு

கேள்வி: டெல்லியிலிருந்து மீரட், ஆக்ரா, குருகிராம் என்று எல்லாப் பக்கமும் விரைவுச்சாலைகள் போட்டுவிட்டார்கள். சுங்கம் கட்டினால் என்ன, நேரம் மிச்சம்தானே? இதையும் குறை சொல்வீர்களா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: குறை சொல்வதாக இல்லை. ஆனால் 'மிச்சம்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டீர்களே, அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

டெல்லியையும் நொய்டாவையும் இணைக்க யமுனையின் குறுக்கே பாலம் கட்டி, 9 கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒரு சாலை போட்டார்கள். டி.என்.டி. என்பார்கள். 2001இல் திறந்தது. செலவு சுமார் 400 கோடி ரூபாய். வண்டிக்காரர்களிடம் வாங்கி அதை ஈடுகட்டிக்கொள்வது ஏற்பாடு. நியாயம்தான். ஆனால் ஒப்பந்தத்துக்குள் ஒரு குட்டிச்சாத்தான் உட்கார்ந்திருந்தது. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 20 விழுக்காடு வருமானம் உறுதி. வசூலில் எவ்வளவு குறைகிறதோ அது முதலோடு சேரும். மறு ஆண்டு அதற்கும் சேர்த்து 20 விழுக்காடு! நம் ஊரில் இதற்குக் கந்துவட்டி என்று பெயர். 2003இல் சட்டம் போட்டுத் தடுத்தோம். அங்கே அதற்கே கோட்டும் டையும் மாட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்.

பிறகென்ன? வசூல் நடக்க நடக்கப் பாக்கியும் வளர்ந்தது. மிச்சம் என்றால் அதுவல்லவா மிச்சம்! நொய்டா குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 2016 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதுவே சரி என்றது.

குருகிராம் சாலையில் நடந்தது வேறு. எல்லையில் 32 வரிசை வைத்துச் சாவடி கட்டினார்கள். அத்தனை வரிசையிலும் வண்டிகள் நின்றன. 2014இல் சாவடியையே பெயர்த்து எடுத்த பிறகுதான் நீங்கள் சொல்லும் நேரம் அந்த இடத்தில் மிச்சமாயிற்று. டெல்லியைச் சுற்றிக்கொண்டு போகிற கிழக்கு, மேற்கு வட்டச்சாலைகளை மட்டும் மனதாரப் பாராட்டுவேன். ஒவ்வொன்றும் சுமார் 135 கிலோமீட்டர். டெல்லியில் எந்த வேலையும் இல்லாத லாரி டெல்லிக்குள் புகுந்து ஏன் புகை விட வேண்டும்?

இந்த இடத்தில் புலவர் நண்பர் ஒருவர் பேனாவைத் திறந்திருப்பார். 'சுங்கம்' என்று அச்சடித்தால் ஒரே வாரத்தில் அவரிடமிருந்து அஞ்சலட்டை வரும்: "உல்கு என்று போடுங்கள்." சுங்கத்துக்குப் பழந்தமிழில் அதுதான் சொல்லாம். முப்பது வருடச் சண்டை. அவரிடம் சாட்சியும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் 'உல்குடைப் பெருவழி' வருகிறது. பலாப்பழம் போல் பருத்த மிளகு மூட்டைகளைச் சுமந்து, முதுகெல்லாம் தழும்பேறிய கழுதைகள் அதில் போகின்றன. வில்லேந்திய வீரர்கள் காவல். கழுதையின் நெற்றியில் ஃபாஸ்டாக் ஒட்டவில்லை என்பதைத் தவிர எல்லாம் இன்று போலத்தான். ஒட்டியிருந்தாலும் 'இருப்புப் போதவில்லை' என்று காட்டி, பின்னால் வருகிற கழுதை முன்னால் நிற்கிற கழுதையைப் பார்த்துக் கத்தியிருக்கும்.

ஆனால் புலவரே, இந்த முறை நான் ஏமாறுவதாக இல்லை. 1070இல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கனுக்கு என்ன பெயர்? சுங்கம் தவிர்த்த சோழன். 'உல்கு தவிர்த்த சோழன்' என்று எந்தக் கல்வெட்டிலாவது இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள். அஞ்சல் செலவு என்னுடையது. வரியை நீக்கியவனுக்குப் பட்டத்திலாவது சுங்கம் மிச்சமிருக்கட்டும்.

மன்னார்குடி அன்பரே, சாவடி போனாலும் பெயர் போகாது என்பது உங்களுக்கே தெரியும். வடசென்னையில் 2021இல் திறந்த மெட்ரோ நிலையத்துக்குக்கூட டோல்கேட் என்றுதான் பெயர். திருச்சிப் பக்கம் போனால் 'நம்பர் 1 டோல்கேட்' என்று பஸ் நடத்துநர் குரல் கொடுப்பார். போன விடுமுறையில் அதைக் கேட்டு என் பேத்தி, "தாத்தா, நம்பர் 2 எங்கே?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.