கதவைச் சாத்தினால் கதறும் செவலை

கேள்வி: எங்கள் தெருவில் திரிந்த, ஏறத்தாழ இரண்டு வயதுள்ள பெண் நாய் ஒன்றைச் சென்ற மழைக்காலத்தில் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டோம். செவலை என்று பெயரிட்டிருக்கிறோம். காது நுனியில் கருத்தடை செய்த வெட்டு அடையாளம் இருக்கிறது. நான் எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறாள். உட்கார்ந்தால் மடியில் காலை வைத்துச் சுரண்டுகிறாள். தொலைபேசியில் பேசினால் குரைக்கிறாள். நாங்கள் வேலைக்குப் போனதும் ஓயாமல் கத்துவதாக மாடி வீட்டார் குறைப்படுகிறார்கள். கதவின் அடிப்பகுதியைப் பிறாண்டி வைத்திருக்கிறாள். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார் கணவர். ஒருநாள் செய்தித்தாளைச் சுருட்டி அடித்ததும் அங்கேயே சிறுநீர் கழித்துவிட்டாள். இவளைக் கண்டுகொள்ளாமல் விட்டால் சரியாகிவிடுமா?
– வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, செவலையைக் கெடுத்தது உங்கள் செல்லம் அன்று. அஞ்சிய நாயைத் தடவிக் கொடுப்பதால் அதன் அச்சம் வளர்ந்துவிடாது. பிறந்தது முதல் திறந்த தெருவில், தன் கூட்டத்தோடு, நினைத்த நேரத்தில் எழுந்து நடந்து பழகிய உயிர் இப்போது பூட்டிய நான்கு சுவர்களுக்குள் இருக்கிறது. அதற்குத் தெரிந்த ஒரே துணை நீங்கள்தான். நீங்கள் கதவைச் சாத்திப் போனால், மாலையில் திரும்பி வருவீர்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணிக் காய்ச்சல், காது வலி, சிறுநீர்த் தொற்று ஆகியவை இருந்தாலும் நாய்கள் அமைதியிழந்து மனிதரை ஒட்டிக்கொண்டே திரியும். கருத்தடையின்போது வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருப்பார்கள் என்றாலும், அது எப்போது என்று தெரியாத நிலையில் மீண்டும் போட்டுக்கொள்வதே பாதுகாப்பு. நகம் பட்டுக் கீறி இரத்தம் கசிந்தால், உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லத் தவறாதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பவற்றில் இரண்டு வேறு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. நீங்கள் அருகில் இருக்கும்போது காலால் சுரண்டுவதும் குரைப்பதும் உங்கள் கவனத்தைக் கேட்பது. அந்த நேரத்தில் திட்டாமல், பேசாமல், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். அவள் அலுத்துப்போய்த் தரையில் படுத்த பிறகு நீங்களாகவே எழுந்து சென்று தடவிக் கொடுங்கள். முதல் சில நாட்கள் சுரண்டல் முன்பைவிட மிகுதியாகும்; அப்போது வீட்டில் ஒருவர் இரங்கிவிட்டாலும், இன்னும் கொஞ்சம் அடம்பிடித்தால் கிடைக்கும் என்றே அவள் கற்றுக்கொள்வாள். அதே சமயம் காலையும் மாலையும் குறித்த நேரத்தில், அவள் விருப்பப்படி மோப்பம் பிடிக்க விட்டு நடைக்கு அழைத்துச் செல்லுங்கள். கேட்காமலே கிடைக்கும் என்று தெரிந்த நாய் கேட்பதைக் குறைத்துக்கொள்ளும்.

தனியே விட்டதும் கதறுவது அப்படிப்பட்டதன்று, அது பீதி. அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் சரியாகாது, முற்றும். ஒரு பழைய கைப்பேசியில் படம்பிடித்துப் பாருங்கள்: நீங்கள் கிளம்பிய அரைமணி நேரத்துக்குள்ளாகவே மூச்சிரைத்து, எச்சில் ஒழுக, நீங்கள் போன கதவையே பிறாண்டினால் ஐயமில்லை. சாவியை எடுப்பது, செருப்பு மாட்டுவது என்று கிளம்புவதற்கான அடையாளங்களைக் கண்டதுமே அவள் பதறத் தொடங்குவாள். ஆகவே நாளில் பலமுறை சாவியை எடுத்துவிட்டு, எங்கும் போகாமல் உட்கார்ந்துவிடுங்கள். அது பழகியதும் வெளியே சென்று கதவைச் சாத்தி, ஐந்து நொடியில், அவள் அழத் தொடங்குவதற்கு முன்பே உள்ளே வாருங்கள். பிறகு பத்து நொடி, அரை நிமிடம், மீண்டும் பத்து நொடி என்று ஏற்றி இறக்கிப் பழக்குங்கள். ரப்பர்ப் பொம்மைக்குள் தயிர்ச்சோற்றை அடைத்து உறையவைத்துக் கொடுத்தால், அதை நக்கும் நேரத்தில் மனம் சற்று அடங்கும். ஆனால் பீதி முற்றிய நாய் உணவைத் தொடாது. இந்தப் பயிற்சி வாரக் கணக்கில், சில வேளை மாதக் கணக்கில் நீளும். அதுவரை நெடுநேரம் தனியே விடாமல், உறவினர் யாரையாவது துணைக்கு இருக்கச் சொல்ல முடிந்தால் பாதி வெற்றி. தேவைப்பட்டால் மருத்துவர் பதற்றத்தைத் தணிக்கும் ஃப்ளூஆக்ஸெட்டின் போன்ற மருந்தும் எழுதித் தருவார். அது வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். வீட்டிலுள்ள மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

உங்கள் கணவருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். அடி விழுந்ததும் அவள் சிறுநீர் கழித்தது எதிர்ப்பு அன்று, அடங்கிப் போவதன் அடையாளம். நாய் தலைகுனிந்து 'குற்ற உணர்வோடு' பார்ப்பதாக நாம் நினைப்பதும் அப்படியே: நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தவறு செய்ததோ இல்லையோ, திட்டு வாங்கிய நாய்களிடமே அந்த முகம் மிகுதியாகத் தென்பட்டது. கதவைப் பிறாண்டியதற்காக மாலையில் அடித்தால், நீங்கள் வீடு திரும்பும் நேரத்தையும் அஞ்சத் தொடங்குவாள்.

மாடி வீட்டாரிடம் நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள். குரைப்பு எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது ஓய்கிறது என்று ஒரு வாரம் குறித்துத் தரும்படி கேளுங்கள். அந்தத் தாளையும் நீங்கள் எடுத்த படத்தையும் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.