படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு இல்லம் தேடும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது. குழைத்த உணவை ஊட்டினால் மெதுவாக விழுங்குகிறார். டயாப்பர் கட்டுகிறோம், சர்க்கரைக்கு மாத்திரை கொடுக்கிறோம். வீட்டுக்கு வரும் உதவியாளர்கள் நிலைக்காததால் மதுரையில் ஓர் இல்லத்தில் சேர்க்க நினைக்கிறோம். நான் புனேயிலும் தங்கை துபாயிலும் இருக்கிறோம். மூன்று இடங்களைப் பார்த்தோம். முதலாவது புதுக் கட்டடம், தோட்டம், ஏசி அறைகள், எல்லாம் உண்டு. இரண்டாவது பழைய வாடகை வீடு, பார்க்கச் சுமார்தான். மூன்றாவதில் கட்டணம் குறைவு, ஆனால் சிறுநீர்க் குழாய் போட்டால்தான் சேர்ப்போம் என்கிறார்கள். பராமரிப்பின் தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மூன்றாவது இடத்தை இப்போதே விட்டுவிடலாம். சிறுநீர் அடைப்பு போன்ற மருத்துவக் காரணம் இல்லாதவருக்குக் குழாய் தேவையில்லை. அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீர்த் தொற்றுக்கான வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். சர்க்கரை நோயுள்ள முதியவருக்கு அந்தத் தொற்று இரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்தாகலாம். டயாப்பர் மாற்றும் வேலையைக் குறைப்பதைத் தவிர இந்த நிபந்தனைக்கு வேறு நோக்கம் எனக்குத் தெரியவில்லை. விழுங்கக்கூடியவருக்கும், ஊட்ட ஆளில்லை என்பதற்காக மூக்குக் குழாய் போடச் சொல்வது இதே வகைதான். ஆள் பற்றாக்குறையை நோயாளியின் உடம்பைக் கொண்டு ஈடுகட்டும் இடத்தில், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், பெற்றவரை விட முடியாது.

மற்ற இரண்டையும் நீங்கள் கட்டடத்தை வைத்து எடைபோட்டிருப்பதாகத் தோன்றுகிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பகலில் செல்பவருக்கு வரவேற்பறையையும் பூஜை அறையையும் காட்டுவார்கள். நன்றாகப் பேசக்கூடிய ஒரு பெரியவரையும் அறிமுகப்படுத்துவார்கள். பேச முடிந்தவர் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். உங்கள் அம்மாவால் கேட்க முடியாது. ஆகவே அந்த இல்லத்தில் அவரைப் போலவே எழவும் பேசவும் முடியாமல் இருப்பவரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். அதுவும் யாரும் உங்களை எதிர்பார்க்காத நேரத்தில் பார்க்க வேண்டும். இரவுச் சாப்பாட்டு நேரம் இதற்கு மிகவும் ஏற்றது, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் பார்வையாளருக்கு அனுமதியே இல்லை என்று உறுதியாகச் சொல்லும் இல்லத்தைப் பற்றி அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை.

பக்கவாத நோயாளிக்கு உணவு ஊட்டுவதைப் பத்து நிமிடம் அருகில் நின்று பாருங்கள். பயிற்சி உள்ளவர் முதலில் நோயாளியை நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, பக்கங்களில் தலையணை கொடுப்பார். தானும் எதிரில் உட்கார்ந்துகொள்வார். சிறிய கரண்டியில் எடுத்து, வாயின் செயல்படும் பக்கத்தில் வைத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டியை எடுப்பார். இடையிடையே செயலிழந்த பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். உங்கள் அம்மாவுக்கு அது வலப்பக்கம். அங்கே தங்கும் உணவு படுத்த பிறகு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரும். சாப்பிட்டு முடித்ததும் வாயைத் துடைத்து, அரை மணி நேரமாவது சாய்ந்த நிலையிலேயே வைத்திருப்பார். இதற்கு மாறாக, படுக்கையில் பாதி சரிந்து கிடப்பவரின் தலைமாட்டில் நின்றபடி, செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வேக வேகமாக வாயில் தள்ளுவதைக் கண்டால், அங்கே சளியும் காய்ச்சலும் ஏன் அடிக்கடி வருகின்றன என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

அதேபோல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது கைகளை எங்கே வைக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தாலோ, அந்தப் பக்கத்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலோ, தளர்ந்துபோன தோள் மூட்டு இறங்கிவிடும். அந்த வலியைச் சொல்லக்கூட உங்கள் அம்மாவுக்கு வழியில்லை. இடுப்பையும் முதுகையும் பிடித்தோ, இடுப்பில் பெல்ட் கட்டியோ தூக்குகிறார்கள் என்றால் யாரோ அவர்களுக்கு முறையாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

படுக்கைப் புண்ணைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். “இப்போது எத்தனை பேருக்குப் புண் இருக்கிறது, அதில் இங்கே வந்த பிறகு ஏற்பட்டவை எத்தனை?” என்று கேட்கலாம். எங்களிடம் புண்ணே கிடையாது என்பவரைவிட, இரண்டு பேருக்கு இருக்கிறது, ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்தே புண்ணோடு வந்தார், இன்னொருவருக்கு இங்கேதான் வந்தது, இன்ன மருந்து போடுகிறோம் என்பவரை நான் அதிகம் நம்புவேன். புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. காற்றுப் படுக்கை இருக்கிறதே என்று பதில் வந்தால் ஏற்காதீர்கள். திருப்புவதற்கு அது துணையே தவிர மாற்று அல்ல. மோட்டார் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்ப்பதிலும் தவறில்லை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் செல்போன் சார்ஜர் மாட்டியிருப்பது அபூர்வமல்ல.

திருப்பிப் படுக்கவைத்ததைக் குறிக்கும் தாள் கட்டில் அருகில் தொங்கும். அதை மாலை 6 மணிக்குப் பாருங்கள். இரவு 8, 10, 12 மணிக் கட்டங்களிலும் அப்போதே கையெழுத்து விழுந்திருந்தால், அந்த இல்லத்தின் மற்றப் பதிவேடுகளையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஒரு மாதத் தாள் முழுவதும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு அடித்தல்கூட இல்லை என்றாலும் அப்படித்தான்.

அடுத்தது இரவு ஆள்பலம். மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் பெரிய எண் ஒன்று வரும். அதில் சமையல்காரரும் காவலாளியும் அடக்கம். இன்று இரவு இந்த மாடியில் யார் யார், அவர்களில் நர்ஸ் யார் என்று கேட்டு, டியூட்டி அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைக் கோட்டு அணிந்தவர்களையெல்லாம் சிஸ்டர் என்று அழைப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் பி.எஸ்சி. நர்சிங் அல்லது ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படித்துத் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தவரும், சில வாரப் பயிற்சியோடு வந்த உதவியாளரும் ஒன்றல்ல. உதவியாளர்கள் பலர் வெளிமாநிலத்தவராக இருப்பது குறையல்ல. வலிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா என்ற அளவுக்குத் தமிழ் பேசுவார்களா என்று பாருங்கள். நாம் சொல்வது அம்மாவுக்குப் புரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புரிதல் தமிழில்தான் இருக்கிறது.

காலை 11 மணிக்கு எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும் இல்லம் அமைதியான இல்லம் என்று எண்ணிவிடாதீர்கள். தூக்க மருந்தோ மனநோய் மருந்தோ கொடுக்கப்பட்டால் யார் எழுதியது, எதற்காக, எப்போது மறுபரிசீலனை என்பது மருந்துத் தாளில் இருக்க வேண்டும். கையைக் கட்டில் கம்பியோடு கட்டுவார்களா என்றும் நேராகக் கேளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். கட்டுவது தீக்கு முன்பே தவறு. தீ வந்தால் கொலைக்குச் சமம். முதல் இல்லத்தின் புதுக் கட்டடத்தில் படுக்கை நோயாளிகளை மேல் மாடியில் வைத்திருந்தால், மின்சாரம் போய் லிஃப்ட் நின்றபின் அவர்களை எந்த வழியாக இறக்குவார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சர்க்கரை மாத்திரை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சில வகை மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு உணவு தாமதமானால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். பேசுபவர் மயக்கம் வருகிறது என்பார். உங்கள் அம்மா வியர்த்துச் சோர்ந்து கிடப்பார், தூங்குகிறார் என்று நினைத்துவிடுவார்கள். எனவே குளுக்கோமீட்டர் எங்கே இருக்கிறது, இரவில் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் யார், எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த வண்டியில் கூட்டிச்செல்வார்கள், உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருப்பார்களா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்குமா, டயாப்பருக்கும் பிசியோதெரபிக்கும் தனிக் கட்டணமா என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

அரசுப் பதிவுச் சான்றிதழைக் கட்டாயம் கேளுங்கள். முதியோர் இல்லங்கள் சமூக நலத் துறையில் பதிவு செய்யப்பட வேண்டும்; உள்ளேயே மருத்துவச் சிகிச்சையும் தருவதாகச் சொல்லும் இடம் மருத்துவ நிறுவனங்களுக்கான தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் வேண்டாம் என்று முடிவு செய்யலாம். இருக்கிறது என்பதற்காக மட்டும் வேண்டும் என்று முடிவு செய்ய முடியாது.

சேர்க்கும் நாளன்று நர்ஸின் முன்னிலையில் அம்மாவின் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் பகுதிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, எடையும் எடுத்துவையுங்கள். நம்மவர்களின் மாநிறத் தோலில் தொடக்கநிலைப் புண் சிவப்பாகத் தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கருத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். எடையை மாதம் ஒருமுறை கேட்டு வாங்குங்கள். 50 கிலோ இருப்பவர் ஒரு மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்தால் அது கவலைப்பட வேண்டிய குறைவு; போதிய அளவு ஊட்டவில்லை, அல்லது வேறு நோய் இருக்கிறது. வீடியோ அழைப்பை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், அந்த நேரத்துக்கு மட்டும் தலைவாரிவிடுவார்கள். மதுரையில் இருக்கும் உறவினர் ஒருவரை வாரம் ஒருமுறை, நாளும் நேரமும் மாற்றி மாற்றிப் போய்வரச் சொல்லுங்கள். செலவுக்குப் பணம் கொடுத்தாவது இந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள்.

குறை தெரிந்தால் முதலில் நிர்வாகியிடம் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பலன் இல்லையென்றால் முதியோர் உதவி எண் 14567, மாவட்ட சமூக நல அலுவலர் ஆகியோரை அணுகலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் சேவை என்பதால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

இனி உங்கள் முதல் இரண்டு இல்லங்கள். இரண்டாவதைச் சுமார் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெயர்ந்த சுண்ணாம்பால் யாருக்கும் படுக்கைப் புண் வருவதில்லை. அடுத்த முறை மதுரைக்கு வரும்போது, சொல்லாமல், ஒரே ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டுக்கும் போங்கள். எந்த இடத்தில் அந்த நேரத்தில் ஒரு நர்ஸ் இருந்து, படுத்திருப்பவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் கடைசியாக எப்போது மலம் கழித்தார் என்பதைத் தாளைப் பார்க்காமலே சொல்கிறாரோ, அந்த இடத்தில் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.