வாசகர் கேள்வி–பதில்: டைனோசரைச் சின்னமாக்கலாமா?

அமெரிக்க மாநிலங்களுக்கு டைனோசரும் அரச சின்னமாமே, உண்மையா? – களுவாஞ்சிக்குடி வாசகி

உண்மைதான். கொலராடோ 1982இல் ஸ்டெகோசாரஸை மாநிலப் புதைபடிவமாக்கியது. நியூ ஜெர்சி 1991இல் ஹாட்ரோசாரஸை மாநில டைனோசராக்கியது; அதன் எலும்புகள் 1858இல் அந்த மாநிலத்திலேயே தோண்டி எடுக்கப்பட்டவை. இரண்டுக்கும் முதலில் குரல் கொடுத்தவர்கள் பாடசாலைப் பிள்ளைகள். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சட்டமூலம் கொண்டுவர, இரு சபைகளும் ஏற்று, ஆளுநர் கையொப்பமிடுவது வழமையான நடைமுறை.

அவசரப்பட்டால்தான் வில்லங்கம். டெக்சாஸ் 1997இல் புளூரோசீலஸ் என்ற டைனோசரைத் தெரிவு செய்தது. அங்கே கிடைத்த எலும்புகள் அந்த விலங்கினுடையவை அல்ல என்று பின்னர் தெரியவர, 2009இல் பலுக்சிசாரஸ் என்று மாற்றினார்கள். அதுவும் தனி டைனோசர் அல்ல, சாரோபொசைடன் என்ற டைனோசர்தான் என்று ஆய்வாளர்கள் பிறகு சொன்னார்கள். வாஷிங்டன் 2023இல் சூசியாசாரஸை ஏற்றது. கையில் இருப்பதோ ஒரு தொடை எலும்பின் துண்டு மட்டும், அந்தப் பெயரும் அறிவியற் பெயர் அல்ல. அருங்காட்சியகத்தில் எந்த எலும்பு இருக்கிறது, எந்த இனமென்று உறுதிப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பெயரில் கைவைக்க வேண்டும்.

எங்கள் மாணவர் கழகம் பிரதேச சபையிடம் இப்படி ஒன்று கேட்கலாமா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் டைனோசர் எலும்பு கிடைக்குமா? – அக்கரைப்பற்று மாணவர்

எலும்பு கிடைக்காது. இங்குள்ள அடிப்பாறை விஜயன் தொகுதி எனப்படும் பாறைத் தொகுதியைச் சேர்ந்தது. டைனோசர்களுக்கு வெகுகாலம் முன்பே கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை அது. மேலே கிடக்கும் கடற்கரை மணலும் வாவிச் சேறும் மிக இளையவை. புத்தளம் பக்கம் தப்போவையில் டைனோசர்கள் வாழ்ந்த ஜூராசிக் காலப் படிவுகள் உண்டு. அங்கு அறியப்பட்டவை தாவரச் சுவடுகள்.

ஆனால் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். உயிரோடு இருக்கும் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். உதாரணமாக, வாவிக்கரையில் வளரும் கண்டல் மரத்தை எடுத்தால், கண்டல் என்று மட்டும் எழுதினால் போதாது, எந்தக் கண்டல் என்று எழுத வேண்டும். குறுங்காம்பில் இரண்டிரண்டு பூவாக, இதழில் மயிரில்லாமல் இருந்தால் ரைசோபோரா அபிகுலாட்டா. நீண்ட காம்பில் பல பூக்களும் இதழ் ஓரத்தில் மயிரும் இருந்தால் ரைசோபோரா மியூக்ரொனாட்டா. இலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பூத்த கிளையொன்றைப் படமெடுத்து, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் காட்டி உறுதிப்படுத்துங்கள். இணையத்தில் கிடைக்கும் படத்தை ஒட்டவேண்டாம், பிழை அங்கேதான் நுழைகிறது. அறிவியற் பெயர், தமிழ்ப் பெயர், எடுத்த இடம், உங்கள் படம் நான்கையும் ஒரே தாளில் வைத்து, உங்கள் வட்டார உறுப்பினரிடம் பிரேரணையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.