முந்தி வந்தும் இரண்டாமிடம் ஏன்? – பாய்மரப்படகு கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. 470 வகைப் படகில் நானும் தம்பியும் போட்டிக்குப் போனோம். 46 நிமிடத்தில் முடித்தோம். ஐஎல்சிஏ 6 படகில் தனியாக வந்த ஒரு பெண் 54 நிமிடம் 20 நொடியில் முடித்தார். அவருக்கு முதலிடம், எங்களுக்கு இரண்டாமிடம். கணக்கில் பிழையா?
– வாசகர், பத்து ஃபெரிங்கி

பதில்: பிழை இல்லை. பல வகைப் படகுகள் ஒன்றாக ஓடும் போட்டிகளில் போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் முறை பரவலாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் உண்டு. வேகமான படகுக்குச் சிறிய எண், மெதுவான படகுக்குப் பெரிய எண். 470-க்கு ஏறக்குறைய 970, ஐஎல்சிஏ 6-க்கு ஏறக்குறைய 1150. பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் இந்தப் பட்டியலை அவ்வப்போது திருத்தி வெளியிடுவதால், எந்த ஆண்டின் பட்டியல் என்பதைப் போட்டிக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஓடிய நேரத்தை நொடியாக்கி, 1000-ஆல் பெருக்கி, படகின் எண்ணால் வகுக்க வேண்டும். உங்களுடையது 2760 நொடி. திருத்திய நேரம் 2845. அவருடையது 3260 நொடி. திருத்திய நேரம் 2835. பத்து நொடியில் அவர் வென்றிருக்கிறார். 45 நிமிடம் 49 நொடியில் முடித்திருந்தால் முதலிடம் உங்களுக்கு. ஸ்பின்னேக்கர் பாய் (காற்றோடு போகையில் முன்னால் ஏற்றும் பலூன் போன்ற பாய்) ஏற்றும்போது கயிறு ஒருமுறை சிக்கினாலே அந்த நேரம் போய்விடும்.

இந்த எண் நீண்டகாலச் சராசரி. அன்றைய காற்றும் நீரோட்டமும் அதற்குத் தெரியாது. காற்று 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்துக்கு மேல் போனால் 470 எழும்பி நீர்மேல் சறுக்கும். அன்று உங்கள் எண் உங்களுக்குச் சாதகம். மாலையில் காற்று செத்துப்போனால் பின்னால் வருகிற மெதுவான படகுகள்தான் அதிகம் மாட்டிக்கொள்ளும். பிற்பகலில் கடற்காற்று வலுத்துக்கொண்டே வந்தாலோ, அவை கடைசிச் சுற்றை நல்ல காற்றில் ஓடி ஆதாயம் பெறும்.

நீரோட்டத்தைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. பினாங்கு நீரிணையில் ஒரு நாளைக்கு இருமுறை பெருக்கு, இருமுறை வற்று. இலக்கை நோக்கி ஒரு படகு 4 நாட், இன்னொன்று 3 நாட் வேகத்தில் முன்னேறுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கடல்மைல் போய், ஒரு கடல்மைல் திரும்ப வேண்டும். நீரோட்டம் இல்லாத நாளில் வேகமான படகுக்கு 30 நிமிடம், மெதுவானதற்கு 40. இப்போது ஒரு நாட் நீரோட்டம் வருகிறது. எதிர்த்துப் போகையில் 20 நிமிடம், 30 நிமிடம். கூடவே திரும்புகையில் 12, 15. மொத்தம் 32, 45. போகும்போது இழந்தது திரும்பும்போது ஈடாகிவிடும் என்று நினைப்போம், ஈடாகவில்லை. மெதுவான படகு எதிர்நீரில் நெடுநேரம் கிடக்கிறது, கூடவரும் நீரில் கொஞ்ச நேரமே இருக்கிறது. 10 நிமிட இடைவெளி 13 ஆகிவிட்டது, எண்ணோ மாறவில்லை. அதனால் கலப்புப் போட்டியை நீரோட்டம் அடங்கும் வேளையில் வைப்பதும், மிதவைகளை நீரோட்டத்துக்குக் குறுக்காகப் போடுவதும் எல்லாருக்கும் நியாயம். உங்களை வென்ற பெண் எதிர்நீரிலும் ஓடியிருந்தால், அவருடைய பத்து நொடி காகிதத்தில் தெரிவதைவிடப் பெரிய வெற்றி.

முடிவில் உண்மையாகவே சந்தேகம் வந்தால் மூன்றைப் பாருங்கள்: பாயில் எழுதிய படகு எண்ணைத் தவறாகப் படித்தார்களா, சுற்றுகளைச் சரியாக எண்ணினார்களா, உங்களுக்கு வேறு வகைப் படகின் எண்ணைப் போட்டார்களா. முறையிடக் காலக்கெடு உண்டு. அது போட்டி அறிவுறுத்தலில் இருக்கும். மற்றபடி, மலேசியாவின் ராஜா மூடா ரெகாட்டா போன்ற பெரிய படகுப் போட்டிகளில் ஐஆர்சி முறை. அங்கே வகைக்கு அல்ல, ஒவ்வொரு தனிப் படகுக்கும் எடை, ஆழம், பாய் அளவு பார்த்து எண் தருகிறார்கள். ஓடிய நேரத்தை அதனால் பெருக்குவார்கள்.

கேள்வி: பழைய லேசர் படகு ஒன்று, பெரிய பாயோடு, விலைக்கு வருகிறது. என் எடை 64 கிலோ. வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: படகு நன்றாக இருந்தால் வாங்குங்கள், ஆனால் அந்தப் பாயோடு போட்டிக்குப் போகாதீர்கள். பெரிய பாய் 7.06 சதுர மீட்டர். லேசருக்கு இன்றைய பெயர் ஐஎல்சிஏ; பெரிய பாய் உள்ளது ஐஎல்சிஏ 7. 80 கிலோவை ஒட்டிய ஆளுக்கே அது பொருந்தும். உங்களுக்கு 5.76 சதுர மீட்டர் பாய் உள்ள ஐஎல்சிஏ 6 போதும். கீழ்ப் பாய்மரத் துண்டையும் பாயையும் மட்டும் மாற்றினால் போதும். மேல்துண்டு, பூம் (பாயின் அடியில் கிடக்கும் கம்பம்), உடல், சுக்கான் எல்லாம் அதேதான்.

முதல் சோதனை, பாய்மரம் நிற்கும் குழி. அதில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் பென்சில் கோடு போட்டு, கால் மணி நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் குழியின் அடியிலோ பக்கத்திலோ விரிசல். இந்தப் படகில் பாய்மரத்தைத் தாங்கிப் பிடிக்க வேறு கம்பி எதுவும் கிடையாது. முழுப் பாரமும் இந்தக் குழியில்தான் இறங்குகிறது. பலத்த காற்றில் அது பிய்ந்தால் மேல்தளமும் சேர்ந்து கிழியும். இதில் தவறிய படகு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

அடுத்து எடை. வெற்று உடல் ஏறக்குறைய 59 கிலோ இருக்க வேண்டும். முன்னால் ஒரு தராசு, பின்னால் ஒரு தராசு வைத்து இரண்டையும் கூட்டுங்கள். நாலைந்து கிலோ கூடினால் உள்ளே நீர் தங்கியிருக்கிறது. கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க விளிம்பு, டேகர்போர்டு (படகின் நடுவே நீருக்குள் இறக்கும் பலகை) குழி, சுக்கான் பொருத்திய இடம் ஆகியவற்றில் சோப்பு நீர் தடவி, வடிகால் துளை வழியாக வாயால் மெல்ல ஊதுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. டயர் கடைக் காற்றுக்குழாயைக் கொண்டுவந்தால் மேல்தளமும் அடித்தளமும் ஒட்டிய இடம் பிரிந்துவிடும்.

மேல்துண்டு அலுமினியமானால், இரண்டு துண்டும் சேரும் இடத்தில் உள்ள வளையத்தைப் பிடித்திருக்கும் ரிவெட்டைச் சுற்றி வெண்பொடி பூத்திருக்கிறதா பாருங்கள். உப்புநீரில் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் அரிக்கப்படும். துண்டு முறிவதும் பெரும்பாலும் அந்தத் துளையில்தான். பாய்மர நுனி பின்னோக்கி வளையும்போது முன்பக்கம் இழுபடுகிறது. எனவே ரிவெட் பின்பக்கம் பார்த்திருக்கும்படி செருகுங்கள். கரை ஏறியதும் இரண்டு துண்டுகளையும் பிரித்து நன்னீரில் கழுவுங்கள். சில வாரம் அப்படியே விட்டால் பிறகு பிரிக்கவே வராது.

கேள்வி: காற்றுக்கு எதிராகப் போகும்போது சுக்கான் கைப்பிடி கையைப் பிடித்து இழுக்கிறது. என் ஐஎல்சிஏ 4 படகு காற்றை நோக்கியே திரும்பப் பார்க்கிறது. ஏன்?
– வாசகி, தஞ்சோங் பூங்கா

பதில்: முதலில் சுக்கான் இலை முழுதாக இறங்கியிருக்கிறதா பாருங்கள் அம்மா. இலையை இறக்கிப் பிடிக்கும் கயிறு இரண்டு விரல் அளவு நழுவினாலே இலை பின்னோக்கி எழும்பி, கையில் பாரம் பல மடங்கு தெரியும். கயிற்றை இறுக்கி, நழுவாத முடிச்சுப் போடுங்கள்.

அது சரியாக இருந்தால் காரணம் படகின் சாய்வு. சாய்ந்த படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பும். சுக்கானால் அதைத் திருத்தினால் வேகம் சாகும். எம்பி வெளியே சாய்ந்து படகை நேராக்குங்கள். முடியாத அளவு காற்றானால் முதலில் பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கன்னிங்ஹாம் கயிற்றைப் பலமாக இழுங்கள். பாயின் வயிறு முன்னால் நகரும், மேற்பகுதி தளர்ந்து காற்றை விடும். பிறகு பூமைக் கீழே இழுக்கும் வாங் கயிறு, பாயின் அடிப்பகுதியை இழுத்துத் தட்டையாக்கும் அவுட்ஹால் கயிறு.

காற்று 6 நாட் வேகத்துக்குக் கீழே இருக்கும் காலை வேளையில் எல்லாம் தலைகீழ். கன்னிங்ஹாமைத் தளர்த்துங்கள். மெயின்ஷீட்டை (பாயை உள்ளே இழுக்கும் கயிறு) இழுத்து பூம் முனைக் கப்பி படகின் கப்பியைத் தொடும் நிலையில் வாங் கயிற்றின் தளர்ச்சியை மட்டும் எடுங்கள். முன்னால் நகர்ந்து உட்காருங்கள். பின்பக்கம் நீரை இழுத்துக்கொண்டு வரக்கூடாது. அன்று காற்று போகும் பக்கம் லேசாகச் சாய்வது நல்லது. பாய் தன் எடையில் வடிவம் பிடிக்கும், கையிலும் கொஞ்சம் உணர்வு வரும்.

கேள்வி: கவிழ்ந்தபோது பாய்மரம் சேற்றில் குத்திக்கொண்டது. எப்படி எடுப்பது?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: டேகர்போர்டில் ஏறி நின்று மிதிக்காதீர்கள், துண்டுகள் சேரும் இடத்தில் பாய்மரம் வளைந்துவிடும். மெயின்ஷீட்டையும் வாங்கையும் முழுதாக விடுங்கள். அணியத்தை (படகின் முன்முனையை) பிடித்தபடி நீந்தி, படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்புங்கள். குத்திய திசையிலேயே பின்வாங்கினால்தான் முனை வெளியே வரும். நீரோட்டம் அந்தத் திசைக்கு உதவும் வரை பொறுங்கள். வரவில்லையென்றால் துணைப்படகின் கயிற்றை அணியத்தில் கட்டி, மிக மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். பாய்மர உச்சியில் கட்டவே கூடாது.