மிக்ஸ்சரை இழுத்தும் நிற்காத எஞ்சின்

அன்புள்ள ஐயா,

நான் ஓட்டுவது கார்புரேட்டர் வைத்த பழைய செஸ்னா 172. சில வாரங்களாக, பறந்து முடித்து மிக்ஸ்சரை (எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைக் குறைக்கவும் நிறுத்தவும் உள்ள குமிழ்) முழுக்க இழுத்த பிறகும் எஞ்சின் நிற்பதில்லை. பத்துப் பதினைந்து விநாடி இருமிக்கொண்டே ஓடுகிறது. சாவியைத் திருப்பினால் உடனே நின்றுவிடுகிறது. "அதான் சாவியில் நிற்கிறதே, அப்படியே நிறுத்திக்கொள்" என்கிறார் மூத்த பைலட் ஒருவர். இது பழுதா, பழைய எஞ்சினின் சுபாவமா? பெட்ரோல் வால்வை மூடி நிறுத்தினால் என்ன?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

பழுதுதான். ஆனால் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். சாவியைத் திருப்பியதும் நிற்கிறது என்றால், உள்ளே கரி கனன்று தானாகப் பற்றிக்கொண்டு ஓடவில்லை. ப்ளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோவை அடக்கும் வயரும் இப்போதைக்குச் சரியாக இருக்கிறது. ஆக, வரக்கூடாத நேரத்தில் பெட்ரோல் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது.

அந்த மூத்தவர் சொன்னதை மட்டும் கேட்காதீர்கள். வீட்டு ஸ்விட்சில் வயர் அறுந்தால் விளக்கு எரியாது. மேக்னெட்டோவில் நேர்மாறு. அதற்குப் பேட்டரி வேண்டாம். காந்தம் சுழன்றால் போதும், பொறி வரும். சாவியை ஆஃபில் வைப்பது என்றால், பி லீட் என்கிற வயர் வழியாக அதை எஞ்சின் உடம்போடு இணைத்து அடக்குவது, அவ்வளவுதான். அந்த வயர் என்றைக்கு அறுகிறதோ, சாவி உங்கள் பையில் இருக்கும், மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். சாவியால் நிறுத்திய எஞ்சினில் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து மிச்சம் நிற்கிறது. யாரோ ஒருவர் விமானத்தை நகர்த்தவென்று ப்ரொப்பெல்லரைப் பிடித்து லேசாகத் திருப்புகிறார். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது இம்பல்ஸ் கப்ளிங். மெதுவாகத் திருப்பினாலும் ஸ்பிரிங்கை முறுக்கி மேக்னெட்டோவைச் சுண்டிவிட்டு நல்ல பொறி கிடைக்கச் செய்வது அதன் வேலை. எஞ்சின் சுலபமாகக் கிளம்ப வைத்த ஏற்பாடு, கையை வாங்கிவிடும். மிக்ஸ்சரால் நிறுத்தச் சொல்வது அதற்காகத்தான். எரிய ஒன்றும் மிச்சமில்லாமல் நிற்கவேண்டும்.

சரி, பெட்ரோல் எங்கிருந்து வருகிறது?

முதலில் ப்ரைமரைப் பாருங்கள், காசு செலவில்லாத சோதனை. எஞ்சினைக் கிளப்பும் முன் பெட்ரோல் அனுப்பக் காக்பிட்டில் இருக்கும் கைப் பம்ப் அது. உள்ளே தள்ளித் திருப்பிப் பூட்டியிருக்கிறதா? வெறுமனே இழுத்தால் வரக்கூடாது. பூட்டாமல் விட்டாலோ, உள்ளே ஓ ரிங் தேய்ந்திருந்தாலோ, எஞ்சின் அந்த வழியே பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். கார்புரேட்டரைத் தொடாமலே சிலிண்டருக்குப் போகும் குழாய் அது. மிக்ஸ்சரை எவ்வளவு இழுத்தாலும் அதற்குத் தெரியாது. ஐடிலில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சும்மா ஓடும்போது, உறிஞ்சல் அதிகம் என்பதால் கோளாறு அங்கேதான் தெரியும்: கரடுமுரடாக ஓடும், ப்ளக் எடுத்துப் பார்த்தால் கரி படிந்திருக்கும்.

அடுத்தது கேபிள். இதில் நான் அவமானப்பட்ட கதை ஒன்று உண்டு. இதே புகாரோடு வந்த ஒரு விமானத்தில் நேரே கார்புரேட்டரைக் கழற்றினேன். அரை நாள் போனது, உள்ளே ஒரு குறையும் இல்லை. திரும்ப மாட்டிய பிறகும் அதே இருமல். அப்புறம்தான் உதவிக்கு இருந்த பையனைக் காக்பிட்டில் உட்காரவைத்து மிக்ஸ்சரை இழுக்கச் சொன்னேன். "முழுசா இழுத்துட்டேன் சார்" என்கிறான். டார்ச் அடித்துப் பார்த்தால், கார்புரேட்டரின் மிக்ஸ்சர் லீவர் கடைசிவரை போகவில்லை. ஒரு பென்சில் நுழையும் இடைவெளி. கேபிளின் உறையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்து, கம்பி இழுபடும்போது உறையும் கூடவே நகர்ந்திருக்கிறது. சைக்கிள் பிரேக்கில் நடப்பதேதான். காக்பிட்டில் குமிழ் முழுக்க வெளியே வந்துவிட்டதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். லீவர் இரண்டு பக்கமும் கடைசிவரை போய் முட்டுகிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தால்தான் கார்புரேட்டருக்குள் இருக்கும் மிக்ஸ்சர் வால்வு தேய்ந்து கசிகிறதா என்ற கேள்வி வரும். அது லைசென்ஸ் உள்ள எஞ்சினியரின் வேலை.

அவரிடம் போவதற்கு முன் ஒன்றைக் கவனித்துக் குறித்துவையுங்கள். ஐடிலில் மிக்ஸ்சரை மெதுவாக இழுக்கும்போது, விழுவதற்கு முன் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) சற்று ஏறும். 25 முதல் 50 வரை ஏறினால் ஐடில் கலவை ஒழுங்காக இருக்கிறது. அதற்கு மேல் தாவினால் பெட்ரோல் அதிகம். ப்ரைமர் மீது சந்தேகம் வலுக்கும். ஏறவே இல்லையென்றால் பெட்ரோல் குறைவு.

(ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில், வெயில் நாளில் சூடான குழாயில் பெட்ரோல் கொதித்துச் சில விநாடி தடுமாறுவது பெரிய விஷயமில்லை. ரோட்டாக்ஸ் 912 வைத்திருப்பவர்கள் என்னைத் திட்டவேண்டாம்: கார்புரேட்டர் வைத்த அந்த எஞ்சினில் மிக்ஸ்சர் லீவரே கிடையாது, இக்னிஷனில்தான் நிறுத்தவேண்டும்.)

பி லீடையும் அவ்வப்போது சோதியுங்கள். குறைந்த ஐடிலில் சாவியை ஒரு நொடி ஆஃபுக்குக் கொண்டுபோய் உடனே திரும்ப 'போத்' (இரண்டு மேக்னெட்டோவும் இயங்கும்) நிலையில் வையுங்கள். எஞ்சின் சாகத் தொடங்கவேண்டும். எதுவும் நடக்காததுபோல் ஓடினால், ப்ரொப்பெல்லரில் எச்சரிக்கை அட்டை கட்டாமல் அங்கிருந்து நகராதீர்கள்.

வால்வை மூடி நிறுத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழுது பார்க்கும்வரை அதுதான் சாவியைவிட நல்ல வழி. கார்புரேட்டர் கிண்ணம் காலியாக ஒரு நிமிடம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். பொறுத்திருந்து, நின்றபிறகு சாவியை ஆஃப் செய்யுங்கள். ஆனால் மூடிய வால்வைத் திறக்க மறந்தாலும், இங்கும் அங்கும் மிச்சமிருக்கும் பெட்ரோலில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும், ஓடுபாதைவரை கூடப் போய்விடும். அதனால் மூடியதும் ஒரு சிவப்புத் துணியை வால்வில் கட்டி, மறுமுனையைச் சாவியில் முடிந்துவிடுங்கள்.